தலையாட்டத் தெரிந்த கேமரா

“போட்டோ புடிக்கிறதுக்கு இன்னாத்துக்குடி மூணு வருசம் படிப்பு? இவ்ளோ பெரிய பஸ்ஸு, நான் மூணே வாரத்துல கத்துக்கினேன்.”

இதைச் சொன்னவர் என் சித்தப்பா. சொன்ன இடம் அவர் ஓட்டும் கம்பெனி பஸ். ஷிப்ட் முடிந்து இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண்கள் பஸ் நிறைய இருந்தார்கள். வேலையை விடப்போகிறேன், காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் சேரப்போகிறேன் என்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று அவர் காதில் மட்டும்தான் சொன்னேன். அவர் பதிலை மொத்த பஸ்ஸுக்கும் சொன்னார். சிரிப்பு கடைசி சீட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. ஏனென்றால் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் டிபார்ட்மென்ட் ஸ்டுடியோவுக்குப் போன மாதம் புதுக் கேமராக்கள் வந்தன. சுவரில் மாட்டிய மூன்று உருண்டைகள். கண்ட்ரோல் ரூமில் ஒரே ஆள் உட்கார்ந்து ஒரு குச்சியை அசைத்தால் மூன்றும் திரும்புகின்றன. இனிமேல் தரையில் நின்று கேமரா ஓட்ட யாரும் தேவையில்லை. ஆகவே எங்கள் காலேஜின் கடைசி ஃப்ளோர் கேமராக்காரி நான்தான். இந்த வயதில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஜூனியர் பிள்ளைகள் பிரிவு உபசார விழா நடத்தி எனக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள். சால்வை என்பது ஜன்னல் வெளிச்சத்தை மறைக்க ஸ்டுடியோவில் தொங்கிய கறுப்புத் துணி. மறுநாள் ஷூட்டிங்குக்குத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

“அக்கா, அந்தத் தலையாட்டற கதையை டிபார்ட்மென்ட் மலருக்கு எழுதுங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்று அவர்கள்தான் கேட்டார்கள். சரி, நடந்தது இதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் நான். அம்மாவும் நுழைந்திருக்கிறாள், சத்துணவுக்கு அரிசி கழுவ. அப்பா மதில் கட்டுவதற்காக நுழைந்திருக்கிறார். நான்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

பன்னிரண்டாவது முடித்ததும் சித்தப்பா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை வாங்கித் தந்தார். கார் கதவுக்குள் போகும் ஒயர்களைப் பலகையில் நீட்டி, சேர்த்து, டேப் சுற்றும் லைன். எங்கள் ஊர் மணிமங்கலம் தாண்டி உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. அதனால் கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கினேன்.

ஹாஸ்டலைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். குளியலறை வரிசைக்கு வெளியே சுவரில் பெரிய கீசர் ஒன்று இருந்தது. அதன் சிவப்பு விளக்கு வருடம் முழுக்க எரிந்தது. தண்ணீர் வருடம் முழுக்க ஜில்லென்று வந்தது. வார்டனிடம் போய்ச் சொன்னால், “லைட் எரியுதில்ல? அப்போ ஓடுதுன்னு அர்த்தம்” என்பார். மார்கழி விடியலில் முதல் மக் தண்ணீரை ஊற்றும்போது ஒவ்வொரு குளியலறையிலிருந்தும் ஒரு சத்தம் வரும். சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது யார் என்று சொல்லிவிடுவோம்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. கையில் கொஞ்சம் சேர்ந்ததும் காலேஜில் சேர்ந்தேன்.

முதல் வருடத்தில் கேமராவைத் தொட விடமாட்டார்கள். கேபிள் சுற்ற வேண்டும். முறுக்கு விழாமல், ஒரு வளையம் உள்ளே, ஒரு வளையம் வெளியே என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஒயரிடமிருந்து தப்பி ஓடிவந்தவளுக்கு வருடம் முழுக்க ஒயர். ஆனால் என் அளவுக்கு யாரும் சுற்றவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டாம் வருடம் கேமரா டூ என் கைக்கு வந்தது. கூடவே ஆக்னஸும் வந்தாள்.

ஆக்னஸ் மூன்றாம் வருடம். மாணவர்கள் செய்யும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவள்தான் டைரக்டர். படப்பைக்காரி. ஞாயிறு பூசையில் பாடற்குழுவை நடத்தி நடத்தி, யார் எப்போது வாய் திறக்க வேண்டும், யார் மூட வேண்டும் என்று விரலாலேயே சொல்லிப் பழகியவள். நான் இரண்டு வருடம் வேலைக்குப் போய்விட்டு வந்ததால் என்னைவிட வயதில் ஒன்று சின்னவள். அதனால் நான் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. அவள் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடவில்லை. ஸ்டுடியோவில் எனக்கு “டூ” என்று பெயர். கேன்டீனிலும் அதேதான். “டூ, அந்த சட்னியத் தள்ளு.”

ஆக்னஸுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் அவளிடம் பிழைக்க முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூமில் அவள், இந்தப் பக்கம் ஹெட்செட்டோடு நாங்கள். “டூ, லெஃப்ட் போடி” என்றால் சந்தோஷமாக இருக்கிறாள். “டூ, லெஃப்ட் வாங்க” என்றால் ஏதோ தப்பு நடந்துகொண்டிருக்கிறது. “கேமரா டூ அவர்களே, தாங்கள் சற்று இடப்புறம் எழுந்தருள முடியுமா?” என்று வந்துவிட்டால் அன்றைக்கு மதியம் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது.

அந்தக் கேமரா எப்படி இருக்கும் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். சக்கரம் வைத்த பீடம், அதன் மேல் தடித்த தூண், தூணைச் சுற்றி ஸ்டியரிங் மாதிரி ஒரு வளையம், உச்சியில் கேமரா. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைப் பிடித்துத்தான் கேமராவைத் திருப்ப வேண்டும். ஸ்டியரிங் இருக்கிறது என்று நான் ஊருக்குப் போனபோது சொன்னதும் சித்தப்பாவுக்கு என் படிப்பின் மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

“கியரு?” என்றார்.

“இல்ல சித்தப்பா.”

“பிரேக்கு?”

“சக்கரத்துல ஒரு லாக் இருக்கு.”

“த்தூ. தள்ளுவண்டி.” வந்த மரியாதை அப்படியே இறங்கிப்போனது.

வேலை இப்படித் தொடங்கும். ஹெட்செட் மாட்டு. லென்ஸ் மூடியைக் கழற்று. மூடியோடு நின்றுகொண்டு ‘படம் வரலையே’ என்று கேட்டவர்கள் பட்டியலில் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். பூட்டுகளை எடு. வெள்ளைத் தாளைக் காட்டி நிறத்தைச் சரிசெய். ஆள் வந்து உட்கார்ந்ததும் கண் வரைக்கும் ஜூம் போ, இமை முடி தெளிவாகத் தெரியும்வரை ஃபோகஸ் செய், பிறகு பின்னால் வா. தலைக்கு மேல் விடும் இடத்துக்கு ஹெட்ரூம் என்று பெயர். அதிகம் விட்டால் ஆள் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருப்பார். குறைத்தால் கூரையில் இடித்துக்கொண்ட மாதிரி இருப்பார்.

இதெல்லாம் எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. வராதது பான். கேமராவை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி திருப்ப வேண்டும். கையால் திருப்பக்கூடாது. பான் எங்கே முடியுமோ அந்தத் திசைக்குப் பாதத்தை முதலிலேயே வைத்துவிட்டு, இடுப்பை முறுக்கித் தொடங்கி, முறுக்கு அவிழ அவிழக் கேமராவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மூச்சு விடக்கூடாது. எனக்கு லைன் பழக்கம். அங்கே எல்லாம் வெடுக் வெடுக்கென்று எடுத்து, வெடுக்கென்று சொருக வேண்டும். கேமராவும் வெடுக்கென்று கிளம்பி வெடுக்கென்று நின்றது.

“டூ, இது பான் இல்லடி, ஷேர் ஆட்டோ” என்பாள் ஆக்னஸ். அது நல்ல நாளில். ஒரு நாள் பேச்சுப் போட்டியைப் படம் பிடித்தபோது ஹெட்செட்டில் மிக மென்மையாக வந்தது: “கேமரா டூ அவர்களே, தங்கள் வண்டியில் பயணம் செய்த பார்வையாளர்கள் இருவர் ஜன்னல் சீட்டு கேட்கிறார்கள்.”

கதைக்குத் தேவையான வழக்கம் இனிமேல்தான் வருகிறது. ஃப்ளோரில் கேமராக்காரர்கள் பேசக்கூடாது. பேசுகிறவர்களின் மைக்கில் நம் குரலும் விழுந்துவிடும். டைரக்டர் ஹெட்செட்டில் ஏதாவது கேட்டால் பதிலைக் கேமராதான் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் கேமராவை மேலும் கீழும் அசைக்க வேண்டும். இல்லை என்றால் இடமும் வலமும். கண்ட்ரோல் ரூமில் நம் படம் தெரியும் டிவியில் அது தலையாட்டுகிற மாதிரியே தெரியும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நம் படம் ஒளிபரப்பில் இல்லாத நேரத்தில் மட்டும்தான் இதைச் செய்யலாம். ஒளிபரப்பில் இருந்தால் கேமராவில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் கல்லு மாதிரி நிற்க வேண்டும்.

இந்த வழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. அளவுக்கு மீறிப் பிடித்துப்போனது. ஒத்திகை இடைவேளையில் ஆக்னஸ் சும்மா பேச்சுக் கொடுப்பாள்.

“டூ, சாப்டியா?” மேலும் கீழும்.

“உப்புமாவா?” மேலும் கீழும்.

“நல்லா இருந்துச்சா?” இடமும் வலமும்.

நாளாக ஆக, கைப்பிடி கையில் இருந்தால் என் கழுத்து வேலை செய்வதை நிறுத்திவிட்டது. எதிரில் யார் எதைச் சொன்னாலும் என் கைதான் ஆமாம், இல்லை சொன்னது. மேடையில் ஒருவர் ‘இளைஞர்களே, நீங்கள்தான் நாளைய தூண்கள்’ என்று சொன்னபோது கேமரா டூ பணிவாக ஆமோதித்தது. அப்போது ஒளிபரப்பில் இருந்தது கேமரா ஒன் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஆக்னஸ் மட்டும் பார்த்துவிட்டு, “டூ, இந்த வியாதி முத்துறதுக்குள்ள பார்த்துக்க” என்றாள். நான் பார்த்துக்கொள்ளவில்லை.

வருடக் கடைசியில் ஒரு நேரலைப் பேட்டி நடக்கும். காலேஜின் இணையச் சேனலில் நேராகப் போகும். தப்பு நடந்தால் திருத்த முடியாது. அதை வைத்துத்தான் மூன்றாம் வருடம் யாருக்கு எந்த வேலை என்று ஹெச்.ஓ.டி. சார் முடிவு செய்வார். அவருக்கு என்னைப் பற்றி ஒரு யோசனை ஏற்கெனவே இருந்தது.

“ஏம்மா மேகலா, எடிட்டிங் ரூம் ஏசி. உக்காந்து செய்யற வேலை. இந்த பீடத்தை இழுத்துக்கிட்டு எதுக்கு சிரமம்?”

“எனக்கு சிரமம் இல்ல சார்.”

“பான் சிரமமா இருக்கே?”

நான் கைப்பிடியைத் துடைக்கத் தொடங்கினேன்.

“சரி, நேரலையில பார்ப்போம். ஒரு ஜெர்க் வந்தாலும் மூணாவது வருஷம் எடிட்டிங்தான். அழக்கூடாது.”

நான் அழுகிற ஆள் இல்லை. ஆனால் ஏசி அறையில் உட்காருவதற்காக நான் லைனை விட்டு வரவில்லை. கேமரா டூ என்னுடையது. எங்கள் குடும்பத்தில் ‘என்னுடையது’ என்று யாரும் சொல்லிக்கொள்ளாத ஒரு பொருள்.

விருந்தினர் யார் என்று நேரலையன்று காலையில்தான் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர் என் பழைய கம்பெனியில் ஆட்களையும் ஹாஸ்டலையும் கவனிக்கும் பர்சனல் மேனேஜர். மாணவர்களுக்குப் பயிற்சி இடம் தருவதாகச் சொல்லியிருந்ததால் அவரை அழைத்திருந்தார்கள். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அது அவர் தப்பில்லை. எங்களை அவர் எப்போதும் வரிசையாகத்தான் பார்த்திருக்கிறார். அவர் பேட்டியை ஹாஸ்டல் பெண்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று மெஸ் ஹாலில் பெரிய டிவியில் போட ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். ‘பெண்கள் பாதுகாப்பாக முன்னேற’ என்பது தலைப்பு.

இன்னொரு ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒளிபரப்பில் என்ன போகிறது என்று காட்டும் டிவி ஒன்றை யாரோ அவர் எதிரிலேயே வைத்துவிட்டார்கள். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பேசுவது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

பேட்டி தொடங்கியது. கேமரா ஒன் தொகுப்பாளர் ஹரிக்கு, கேமரா டூ விருந்தினருக்கு. நான் கல்லு மாதிரி நின்றேன். ஃபோகஸ் இமை முடியில் இருந்தது. ஹெட்ரூம் அளந்து வைத்த மாதிரி இருந்தது. ஆக்னஸ் சந்தோஷமாக இருந்தாள். “நில்லுடி, அப்படியே நில்லு” என்று ஏகவசனமாக வந்துகொண்டிருந்தது.

ஹரி ஹாஸ்டலைப் பற்றிக் கேட்டான்.

“எங்க ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு வீட்டு நினைப்பே வராதுங்க” என்றார் மேனேஜர். “முக்கியமா வெந்நீர். காலையில எழுந்ததும் எப்ப வேணாலும் வெந்நீர். கீசர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். விளக்கு எரிஞ்சா தண்ணி கொதிக்குதுன்னு அர்த்தம்.”

என் கேமராவிலும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்தால் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டு என்று நம்புகிற உடம்பு இல்லை இது. இரண்டு மார்கழி என் தோளில் இறங்கியது. பாதம் தானாகத் திரும்பி நின்றது. இடுப்பு முறுக்கியது. மூச்சு நின்றது.

கேமரா டூ இல்லை என்றது.

இடமிருந்து வலம். வலமிருந்து இடம். மறுபடி இடமிருந்து வலம். நேரலையில்.

கேமராவின் வியூஃபைண்டர் திரையில் மேனேஜர் ஓரத்துக்கு நழுவுவதைப் பார்த்தபோதுதான் என் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பாதியில் நிறுத்தினால் ஜெர்க். ஜெர்க் வந்தால் எடிட்டிங். அதனால் நிறுத்த முடியாமல், தொடங்கிய பான் முழுவதையும் ஒழுங்காக முடித்தேன்.

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. எதிரில் இருந்த டிவியில் தன் முகம் ஓரத்துக்குப் போவதை மேனேஜரும் பார்த்துவிட்டார். முகத்தை நடுவுக்குக் கொண்டுவருவதற்காக அவர் உடம்பைச் சாய்த்தார். அதற்குள் கேமரா திரும்பி வந்தது. அவர் இந்தப் பக்கம் சாய்ந்தார். கேமரா அந்தப் பக்கம் போனது. பேச்சை மட்டும் அவர் விடவில்லை. “கொதிக்கக் கொதிக்க... வெந்நீர்... எந்த நேரமும்...” என்று சொல்லிக்கொண்டே அவரும் இடமும் வலமும் ஆடினார். பார்ப்பவர்களுக்கு, வெந்நீர் உண்டு என்று வாய் சொல்ல, இல்லை இல்லை என்று அவர் தலையே சொல்கிற மாதிரி இருந்தது.

ஹரி கேள்வி எழுதிய அட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. ஆக்னஸ் ஒரு சொடுக்கில் கேமரா ஒன்றுக்கு மாற்றிவிடலாம். நான் அதற்காகக் காத்திருந்தேன். சிவப்பு விளக்கு அணையவில்லை. ஹெட்செட்டில் சத்தமே இல்லை. கேமரா நின்று, மேனேஜரும் நின்று, அவர் டையைச் சரிசெய்த பிறகுதான் குரல் வந்தது.

“கேமரா டூ அவர்களே.” நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. “தாங்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்து முடித்துவிட்டீர்களா?”

சிவப்பு எரிந்துகொண்டிருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் நேராக ஹெச்.ஓ.டி.யிடம் போனார். நான் பீடத்தின் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேமரா போய்விட்டது, காலேஜின் பயிற்சி இடமும் போய்விட்டது, சித்தப்பாவின் பஸ்ஸும் போய்விடுமோ என்று வரிசையாக ஓடியது.

“நடுவுல படம் அப்படி இப்படி போச்சே, அது என்னங்க?” என்றார் மேனேஜர்.

ஹெச்.ஓ.டி. சார் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். “அது... புது டெக்னிக் சார்.”

“அதானே பார்த்தேன். மாடர்னா இருந்துச்சு” என்று கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

கார் கேட்டைத் தாண்டும்வரை கை கூப்பிக்கொண்டிருந்த சார், அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் கண்ட்ரோல் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவை மூடினார்.

“யார் கேமராவ ஆட்டச் சொன்னது?”

“நானே ஆட்டினேன் சார்” என்றேன்.

“ஏன்?”

“அந்த ஹாஸ்டல்ல நான் இருந்திருக்கேன் சார். வெந்நீர் வராது.”

“அதைக் கேமராவா சொல்லும்?” அவர் ஆக்னஸ் பக்கம் திரும்பினார். “நீ என்ன பண்ணிட்டிருந்த? ஒன்னுக்குக் கட் பண்ண வேண்டியதுதானே?”

“பண்ணியிருக்கலாம் சார். பண்ணல.”

“ஏன் பண்ணல?”

“ஒரு தடவ போட்டுப் பாருங்க சார்.”

பதிவை ஓட்டினாள். முதல் தடவை பார்க்கும்போது சாரின் முகம் சிவந்தது. இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மூன்றாம் தடவை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆட்டம் ஒரே வேகத்தில் இருந்தது. தொடக்கம் தெரியவில்லை, நிற்பதும் தெரியவில்லை. மேனேஜர் ஓரத்துக்குப் போனபோதும் ஹெட்ரூம் ஒரு நூல்கூட மாறவில்லை.

“இதையா இவ்வளவு நாளா உன்னால முடியல?” என்றார்.

அத்தனை மாதம் பான் எடுக்க முயன்றேன், வரவில்லை. அன்றைக்கு முயலவில்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தது, அவ்வளவுதான்.

சார் திரையை அணைத்தார். “ஜெர்க் இல்ல. நான் சொன்னா சொன்னதுதான். மூணாவது வருஷமும் கேமரா டூ உன்னுது. ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஃப்ரேம் உன்னுது, கருத்து உன்னுது இல்ல. இன்னொரு தடவ ஆட்டினா உன்னையும் கேபிளோட சேத்து சுத்தி வச்சிடுவேன்.”

வெளியே வந்ததும் ஆக்னஸிடம் கேட்டேன், நிஜமாகவே ஏன் கட் பண்ணவில்லை என்று.

“ஒரு வருசமா கத்திக்கினு இருக்கேன், உன்கிட்டேந்து ஒரே ஒரு நல்ல பான் வராதான்னு. இன்னிக்கி வந்துது. அதுல போயி கட் பண்ணுவேனா? பூசையில சாமியாரு நற்கருணை அப்பத்தத் தூக்குற நேரத்துல எழுந்து போற மாதிரி இருக்கும்டி.”

டி போட்டாள். அன்று மதியம் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சித்தப்பாவின் போன் மறுநாள் வந்தது.

“ஏன்டி, உன் கேமராவுக்கு வாய் நீளமா கீதே?”

“சித்தப்பா, உங்க வேலைக்கு ஏதாவது...”

“என் வேலைக்கி இன்னா, நான் பாட்டுக்கு ஓட்டிகினு கீறேன். மெஸ்ஸுல டிவி பார்த்துச்சே உன் கூட்டம், அதுக்குத்தான் பேய் புடிச்சிகிச்சி. நேத்து அந்த ஆளு வெந்நீருன்றான், கேமரா ஆடுது, அவனும் ஆடறான். பூரா பொண்ணுங்களும் தட்டைத் தட்டி ரகளை. இன்னிக்கி காலையில வார்டனம்மா வந்து ‘லைட் எரியுதில்ல’ன்னுது. ஒருத்தியும் வாயத் தொறக்கல. எல்லாரும் இப்டி இப்டி தலைய ஆட்றாளுங்க.”

“எப்படி சித்தப்பா?”

“போன்ல எப்டிடி காட்டறது? இப்டிதான், உன் கேமரா கணக்கா. பஸ்ஸுல ஏறினாளுங்க, ‘எல்லாரும் ஏறியாச்சா’ன்னு கண்ணாடியப் பாத்து கேட்டேன். பூரா பஸ்ஸும் இடமும் வலமும் ஆடுது. யாரோ இன்னும் வரலன்னு நெனச்சிகினு அங்கியே நின்னேன். கம்பெனிக்கி லேட்டு.”

அந்த வாரம் முழுக்க வார்டன் எங்கே போனாலும் தலைகள் ஆடியிருக்கின்றன. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவர்கள் மேல் என்ன புகார் எழுத முடியும்? கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து கீசரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கம்பிச் சுருள் எரிந்துபோய்க் கிடந்தது. விளக்குக்கு மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. புதுச் சுருள் போட்டார்கள். முதல் நாள் வெந்நீர் வந்தபோதும் குளியலறைகளிலிருந்து அதே சத்தம் வந்ததாம். சுடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் கேமரா டூவை நான் ஓட்டினேன். நல்ல பான்கள் நிறைய வந்தன. ஒளிபரப்பில் ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. ஆட்ட வேண்டிய இடங்கள் இருந்தன.

இப்போது உருண்டைகள் வந்துவிட்டன. நானும் குச்சியைப் பிடித்துப் பார்த்தேன். வேலை சுலபம், படம் சுத்தம். ஆமாம், இல்லை சொல்ல வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஓட்டுகிறவரும் டைரக்டரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பழைய பீடங்களை ஸ்டோர் ரூமில் தள்ளப்போவதாகச் சொன்னார்கள். கடைசி வருட ப்ராஜெக்டுக்குக் கேமரா டூவை, பீடத்தோடு, வெளியே கொண்டுபோக அனுமதி கேட்டேன். எங்கே என்றார் சார். ஹாஸ்டலுக்கு என்றேன்.

மெஸ் ஹாலில் ஒரு பேச்சு நிகழ்ச்சி. லைனில் வேலை செய்கிற பெண்கள்தான் விருந்தினர்கள். தலைப்பையும் அவர்களே வைப்பார்கள். டைரக்டர் நான். வழுவழுவென்ற தரை, பீடம் அழகாக ஓடும். அனுமதிக்காக மேனேஜருக்கு நானே போன் செய்து, அந்தப் பேட்டியில் கேமரா ஓட்டியது நான்தான் என்று சொன்னேன். அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

“ஓ, அந்தப் புது டெக்னிக்! அது இதுலயும் வருமாம்மா?”

“தேவைப்பட்டா வரும் சார்” என்றேன். சரி என்றுவிட்டார்.

இதை எழுதுவது சித்தப்பாவின் பஸ்ஸில் உட்கார்ந்துதான். ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் இல்லை, காலியாக இருந்தது, கேட்டேன், வந்தார். பீடம் சீட்டுகளுக்கு நடுவில் படுத்திருக்கிறது, சீட்டுக் கம்பிகளோடு கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம். கழற்றிய கேமரா என் மடியில் இருக்கிறது. காலேஜ் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறியாயிற்று.

சித்தப்பா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். “இன்னாடி, கெட்டியா கட்டினியா?”

மடியிலிருந்த கேமராவைக் கண்ணாடி பக்கம் திருப்பி மேலும் கீழும் அசைத்தேன்.

“ஒயரெல்லாம் எட்துகினியா?”

மேலும் கீழும்.

கார் ஏற்றிய டிரெய்லர் ஒன்றை முந்திவிட்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

“அப்போ போட்டோ புடிக்கிறதுக்கு மூணு வருசம் போதுமாடி?”

நடுவில் ஒரு வேகத்தடை இருந்தது. பஸ் ஏறி இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமராவை இடமும் வலமும் ஆட்டினேன். ஜெர்க் இல்லாமல்.